இடது தோளில் துவாய்

கரீபியன் கடலில் கால்கூட நனைக்காமல் அதன் அடிமணல் வரைக்கும் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் டைவ் மாஸ்டர்தான். எந்தத் தீவில் கப்பல் எவ்வளவு நேரம் நிற்கும், துறைமுகத்திலிருந்து டைவிங் கடைக்கு நடந்து போகலாமா, டாக்ஸி பிடிக்க வேண்டுமா, எந்தப் பாறையடியில் ஆமை வரும் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சொல்கிற இடம் ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிற மாடி.

அதுதான் எங்கள் அலுவலகம். உல்லாசக் கப்பலில் கரீபியன் போகிற அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும், தீவில் இறங்கிக் கடலுக்கடியில் டைவிங் போக என்ன வழி என்று கேட்டுப் போன் செய்தால் மணி எங்கள் மேசையில்தான் அடிக்கும். அவர்களுக்குப் பிற்பகல், எங்களுக்கு மறுநாள் காலை. திருச்சியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த என்னை, பழகிக்கொள் என்று மாஸ்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இலங்கை மன்னார்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்து ஒனிஹங்காவில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்புற அறையில் தனியாக இருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை; டைவ் மாஸ்டர் என்பது நாங்கள் வைத்த பட்டம்.

மனிதர் ஆக்லாந்தில் இருந்தாலும் அவர் நாள்காட்டி கரீபியனில் இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார். சரி, அது அவர் வேதம். சனிக்கிழமையும் தொடமாட்டார். கேட்டால், "அங்க இன்னும் வெள்ளிதானே தங்கச்சி" என்பார். நான் கொண்டுபோன கோழிப் பிரியாணியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கடிப்பார். இரண்டு நாட்டு வெள்ளிக்கிழமைகளையும் அனுசரித்த ஒரே கத்தோலிக்கர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் பேசும்போது மட்டும் குரல் கனிந்துவிடும். கப்பல்காரர்களே கூட்டிப்போகிற டைவிங் என்றால் விலை அதிகம், ஆனால் திரும்பி வரத் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். வெளிக்கடையில் மலிவு, கூட்டமும் குறைவு, ஆனால் கப்பல் உங்களுக்காக ஒரு நிமிடம் நிற்காது. பயிற்சி முடித்து வாங்குகிற டைவிங் அட்டை இல்லாதவர்களுக்குப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற ஆழமில்லாத டைவிங். ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டர். இதெல்லாம் நாங்களும் சொல்வதுதான். அவர் கடைசியில் ஒன்று சேர்ப்பார். அது எங்கள் பயிற்சியில் கிடையாது.

"ஆரோட இறங்கப் போறீங்கள்?" இதை அழகான ஆங்கிலத்தில் கேட்பார்.

கடலுக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது டைவிங்கின் முதல் விதி. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் சிலிண்டரை மற்றவர் சரிபார்க்க வேண்டும், கீழே ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. தனியாக வருகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால் மாஸ்டருக்குச் சோறு இறங்காது. கடையில் ஆள் கொடுப்பார்களே மாஸ்டர், சம்பளத்துக்குக் கூடவே இறங்குவார்களே என்று நான் சொன்னால், அது கூட்டு இல்லை, கூலி என்பார்.

அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பயணியின் பெயரை இன்னொருவருக்குச் சொன்னால் வேலை போய்விடும். மாஸ்டர் பெயரே சொல்லமாட்டார். ஒரே கப்பலில் தனியாகப் போகிற இரண்டு பேர் மாட்டினால், இருவரிடமும் தனித்தனியாக ஒரே சேதியைச் சொல்வார். தீவு வருகிற அன்று காலையில் மேல்தளத்துக் காப்பிக் கடைக்கு வாருங்கள். இடது தோளில் துவாய் போட்டிருங்கள். அதே மாதிரி ஒருவர் நிற்பார். துவாய் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் துண்டு.

இப்படி எத்தனையோ பேரைச் சேர்த்துவைத்தார். கல்யாணத் தரகர்கள் தோற்றார்கள். ஒருமுறைதான் வினையாகிவிட்டது. இடது தோளில் துண்டோடு நீச்சல் குளத்திலிருந்து காப்பிக்கு வந்த ஓர் அப்பாவியை, மாஸ்டர் அனுப்பிய அம்மாள் ஆள் தவறிப் பிடித்துக்கொண்டு, படகு வரைக்கும் இழுத்துப்போய்விட்டார். ரப்பர் உடையில் பாதி நுழைந்த பிறகுதான் மனிதர் தனக்கு நீச்சலே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். புகார் வந்தது. மேலாளர் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீச்சல் தெரியாதவர் ஏன் அவ்வளவு தூரம் போனாராம் என்று மட்டும் கேட்டார். மேலாளர் புகாரைப் பார்த்துப் படித்தார். கப்பல் ஏறியதிலிருந்து யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை, அந்த அம்மாள் கூப்பிட்டார், போனேன் என்று இருந்தது. அதற்கு மேல் மேலாளரும் கத்தவில்லை.

மாஸ்டருக்கே டைவிங் தெரியும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வார இறுதிகளில் இங்கேயே படித்து அட்டை வாங்கியிருந்தார். வகுப்பில் எப்போதும் ஒற்றைப்படையாக ஆள் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் பயிற்சியாளரோடுதான் இறங்கியிருக்கிறார். நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு அலுவலகம் தருகிற இலவசக் கரீபியன் பயணமும் அவருக்குப் பாக்கியிருந்தது. இரண்டு பேருக்கான அறை. அதனாலேயே வருடாவருடம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் போகாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மனிதர் ஆள் தேடிப் புறப்பட்டார். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியாரைக் கேட்டார். அவர் கரையில் நின்று செபிப்பதாகச் சொன்னார். மேலாளருக்கு முதுகு வலி. என்னிடமும் வந்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"மாஸ்டர், எனக்குப் பக்கெட்டுல தண்ணி நெறஞ்சாலே பயம்."

"ஓம், அது நல்ல பயம்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். தனியாகவே கப்பல் ஏறினார்.

ஒரு மழைக் காலையில் மணி அடித்தது. மறுமுனையில் அழகான ஆங்கிலம். முன்பதிவு எண், கப்பலின் பெயர், நாளை நிற்கப்போகிற தீவின் பெயர். டைவிங் போக என்ன வழிகள் உண்டு என்று கேட்டார். குரல் எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் காட்டிக்கொள்ளவில்லை. கப்பல் டைவிங், வெளிக்கடை, விலை, நேரம் என்று அவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவருக்கே ஒப்பித்தேன். புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தேன். அதை மட்டும் தமிழில் கேட்டேன்.

"யாரோட எறங்கப் போறீங்க மாஸ்டர்?"

மறுமுனையும் தமிழுக்கு வந்தது.

"தனியத்தான் தங்கச்சி."

அன்று காலையிலேயே அதே கப்பலிலிருந்து இன்னொருவர் என்னை அழைத்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கனடாக்காரர், அவரும் தனி. அவரை அழைத்துச் சேதி சொன்னேன், சரி என்றார். பிறகு மாஸ்டரை அழைத்தேன்.

"நாளைக்குக் காலைல காப்பிக் கடைகிட்ட நில்லுங்க. எடது தோள்ல துண்டு."

"துவாய்" என்று திருத்தினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி வந்ததும் அலுவலகமே அவரைச் சுற்றிக்கொண்டது. ஆமை பார்த்தேன், திருக்கை பார்த்தேன் என்று அளந்துவிட்டார். எல்லாரும் கலைந்த பிறகு நான்தான் மெல்லக் கேட்டேன், கனடாக்காரர் எப்படி என்று. மாஸ்டர் ஹெட்போன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரேல்லை. காய்ச்சல் கீய்ச்சல் வந்திருக்கும், பாவம்."

"அப்ப நீங்க கடை ஆளோட எறங்கியிருக்கலாமே?"

"நான் போன பிறகு அவர் வந்தா? துவாயோட அங்க தனிய நிப்பாரெல்லோ."

கப்பல் சங்கு ஊதுகிற வரைக்கும் அந்தக் காப்பிக் கடையிலேயே நின்றிருக்கிறார். ஆமை, திருக்கை எல்லாம் மேசையிலிருந்தபடியே தெரிந்துவைத்திருந்தவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் வந்ததுபோல ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமை வேலை முடிந்ததும் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வேகத்தில் போனால் நான் கடலில் இறங்க இன்னும் எத்தனையோ தவக்காலம் ஆகும். மாஸ்டருக்கு அவசரமில்லை. ஒனிஹங்காவிலிருந்து பஸ் பிடித்து வாராவாரம் வந்து, குளத்தின் எதிர்க் கோடியில் நிற்கிறார். அங்கே வேறு தமிழ் முகமே கிடையாது, இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியாமலும் போகாது. இருந்தாலும் இடது தோளில் துவாயைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.