எண்பூட்டு ஏந்தல் பேரிடர்ப் பெட்டி காத்த படலம்

உயிர் விலைமதிப்பற்றது என்று சொல்பவர் எவரும் கடை வைத்துப் பிழைத்தவர் இல்லை. உயிருக்கு விலை உண்டு. சொன்ன விலை நானூற்று ஐம்பது, படிந்த விலை முந்நூற்று நாற்பது, பாட்டரி தனி.

அந்த விலைக்கு ஒரு டார்ச் விளக்கை, மும்முறை கடைப்படி இறங்கி மும்முறையும் திரும்ப அழைக்கப்பட்டு, விற்றவன் கண்ணில் நீரும் தன் இதழில் முறுவலும் அரும்ப வென்று கொணர்ந்த வீரனை முதற்கண் வாழ்த்துவோம். வென்ற கையோடு பாட்டரிக்கு அந்தக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு, "யோவ், பாட்டரிய நான் வேற எடத்துல பாத்துக்கறேன். நீயே வெச்சு அழகு பாரு" என்று வெகுண்டெழுந்து வெளிநடந்தானே, அந்த மானத்தையும் சேர்த்தே வாழ்த்துவோம்.

வாழ்க எண்பூட்டு ஏந்தல்! தொங்குபூட்டு, கதவுப்பூட்டு, மேசைப்பூட்டு என முப்படை சூழக் கடைவீதி முனையில் வீற்றிருக்கும் பூட்டு வணிகர் கோமான்; சாவிக்கொத்து இடையில் கலகலக்க அவன் நடந்தால் தெருநாயும் எழுந்து வழிவிடும் சீர்த்தியான்; வீட்டைவிட்டுக் கிளம்பியபின் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி முக்கால் தெருவிலிருந்து திரும்பி வந்து, முன்பு இழுத்துப் பார்த்தது நிஜந்தானா என்று இழுத்துப் பார்க்கும் திருவுளத்தான்; தோள் சிறுத்தாலும் முன்னெச்சரிக்கை பெருத்த அண்ணல்!

இத்தகையோன் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கையில், ஒவ்வொரு வீட்டிலும் பேரிடர்க்கால அவசரப் பெட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்று வானொலியில் ஒரு குரல் அறிவுறுத்தியது. ஊரார் அதைக் கேட்டுக் காதைச் சொறிந்தனர். இவனோ நுரை வழியும் வாயோடு நடுக்கூடத்தில் வந்து நின்று, வாளெனப் பல்துலக்கியை உயர்த்தி, "இன்று முதல் இவ்வில்லத்தின் ஆபத்துக்காவலன் யானே!" என்று முழங்கினான். தரையில் நுரை சொட்டியது. அதைத் துடைத்தவள் தலைவி.

அத்தலைவியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மணமாகி வந்த நாளில் அவளோடு வந்த பெட்டி. அதனுள் நான்கு கம்பளிப் போர்வைகள், பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், அரசகுமாரிகள்போல் துயின்றுவந்தன. ஏந்தல் அவற்றை ஒரே நாளில் நாடு கடத்திக் கட்டிலுக்கடியில் குடியேற்றினான். காலியான பெட்டிக்குள் டார்ச்சும் கயிறும், மெழுகுவத்தியும் தீப்பெட்டியும், கத்தரிக்கோலும் காயத்துக்குக் கட்டும் துணியும், ஊதலும், உப்பு பிஸ்கட் ஆறு பாக்கெட்டுகளும் கோட்டைக்குள் நெல் நிறைவதுபோல் நிறைந்தன.

நிறைந்ததைக் கண்டால் வீட்டார் சும்மா இருப்பார்களா? கல்லூரிக்குச் செல்லும் கன்னி மகள், பையின் ஜிப்பு இறுகிற்றென்று மெழுகுவத்தியைக் கவர்ந்து ஜிப்பில் தேய்த்தாள். கத்தரிக்கோல் அடுப்பங்கரையில் பால் பாக்கெட் வெட்டும் அடிமைத் தொழிலுக்கு ஆட்பட்டது. கயிறு மொட்டை மாடியில் பாவாடை சுமந்தது. தலைவியோடு இருக்க வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்ட மாமியார், பல் குறைந்தாலும் பசி குறையாத பெருமாட்டி, பெட்டிப் பக்கமே போனதில்லை. ஆயினும் அவர் மடியில் உப்பு பிஸ்கட்டின் துகள் காணப்பட்டது.

கண்டான் ஏந்தல். கண் சிவந்தான். கவர்ந்த பொருளனைத்தையும் மீட்டு, மீளாததைப் புதிதாய் வாங்கிப் பெட்டியை நிரப்பினான். பின்பு கடையிலிருந்து, நான்கு சக்கரம் சுழன்று நான்கு எண் சேர்ந்தாலன்றி நமனே வந்தாலும் திறவாத எண்பூட்டொன்றை எடுத்து வந்து பெட்டியின் நெற்றியில் மாட்டினான். சாவிப்பூட்டு ஏன் ஆகாது என்றால், ஆபத்து வந்தால் முதலில் தொலைவது சாவி. அதை அவனைவிட அறிந்தவர் யார்? அவன் வயிறு வளர்த்ததே அந்தத் தொலைதலால்தான்.

அப்போது தலைவி வாய் திறந்தாள். "என்னங்க, பெட்டி என்னோடது. கட்டிலுக்கடியில கம்பளியெல்லாம் பூஞ்சை வாசம் அடிக்குது. ஒரே ஒரு தடவ நெஜமா ஆபத்து வரட்டும். அன்னிக்கு உங்க பெட்டி உதவலேன்னா, பேசாம திருப்பிக் குடுத்துடணும். அப்புறம் இந்த வீட்டுல அவசரம்னு எது வந்தாலும் நான் சொல்றதுதான்."

பெட்டியும் போய்ப் பதவியும் போகும் பந்தயம்! பேரம் பேசிப் பழகிய நாவும் ஒருகணம் தயங்கிற்று. ஆயினும் மாமியார் முன்னிலையில் பின்வாங்குவது ஆண்மையோ? "சம்மதம்!" என்றான் ஏந்தல். "ஊழிக்காற்றே வா! உன்னை ஒரு கை பார்க்கிறேன்!"

ஊழிக்காற்றுக்குக் காது உண்டு போலும்.

ஒருநாள் பிற்பகல் வானம் கரியுண்ட சட்டிபோல் கறுத்தது. மரங்கள் தலைவிரித்தாடின. மாலைக்குள் பெருங்காற்று என்று வானொலி வாய் கிழியக் கத்தியது. ஏந்தல் கடையை இறக்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மீண்டும் இழுத்துப் பார்த்து, வீடு நோக்கிப் பாய்ந்தான். சாளரங்களை அறைந்து சாத்தினான். கூடத்தின் நடுவே நின்று ஆணைகளைப் பிறப்பித்தான்:

"இல்லத்தீர், கேளுங்கள்! செல்பேசிகளின் சார்ஜ் இக்கணம் முதல் பொன்னினும் அரிது. அனைத்தும் அணைக்கப்பட்டுப் பெட்டியில் சரணடையட்டும்! காற்றடிக்கும் வேளையில் நெருப்பு பகை. அடுப்பின் வாயு மூடப்படட்டும்! லைட்டரும் பெட்டிக்குள் சிறைப்படட்டும்!"

"அப்பா, ஒரே ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிட்டு..."

"வெள்ளம் வந்தால் மெசேஜில் ஏறியா தப்புவாய்?"

மூன்று செல்பேசிகள் உள்ளே போயின. நாலாவதாகத் தன்னுடையதையும் தியாக உணர்வோடு மேலே வைத்தான். மூடி இறங்கிற்று. பூட்டு 'ணக்' என்றது. தொழில் தருமம் தவறாத அவன் விரல்கள், பூட்டிய மறுகணமே நான்கு சக்கரங்களையும் கண்டபடி சுழற்றிக் கலைத்தன. எண் தெரியாமல் திறக்க எவனால் முடியும் என்று அவன் நிமிர்ந்து மீசை முறுக்கிய, பொழுதும் இருட்டிவிட்ட அந்த வேளையில், மின்சாரம் போயிற்று.

இருள்! கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே நிறம் என்னும்படியான, கல்லாப்பெட்டியின் அடியறை போன்ற இருள்!

"அஞ்சற்க!" என்றது இருளின் நடுவே ஒரு குரல். "ஒளி நம் வசம் உள்ளது."

ஒளி அவர்கள் வசமே இருந்தது. பூட்டுக்கு அந்தப் பக்கம்.

ஏந்தல் மண்டியிட்டான். விரல் நுனியால் முதற்சக்கரத்தைத் தடவினான். எறும்புக்கு எழுதினாற்போன்ற எண்கள். ஒன்றோ, ஏழோ? மூன்றோ, எட்டோ? பகலில் விற்கும்போது "என்னா வேலைப்பாடு பாருங்க சார், எவ்ளோ நைஸா எழுத்து" என்று தானே புகழ்ந்த அந்நுண்மை இன்று நாகமெனத் தன்னையே தீண்டிற்று. நான்கு சக்கரமும் பகைவன் ஏறிவந்த நான்கு தேர்களாய் அவன் முன் உருண்டன. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவியது. ஆறு என்று நம்பி நிறுத்தியது ஒன்பதாய் நின்று அறத்தைக் கொன்றது. ஏனெனில் வீரன் இதற்குள் வயிறு தரையில் பதியக் குப்புறக் கிடந்தான், பூட்டோ தலைகீழாய்க் கிடந்தது.

சாளர இடுக்கில் மின்னல் வெட்டியது. வில்லாளி குறிபார்ப்பதுபோல் ஏந்தல் அதற்காகவே காத்திருந்தான். ஆனால் மின்னல் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் வணிகன் போன்றது; கையில் வாங்குமுன் பிடுங்கிக்கொள்ளும். அது கண்ணைப் பறித்துக்கொண்டு போனபின் இருள் இரட்டிப்பாய்த் திரும்பி வந்தது.

"எத்தன நேரங்க?" என்றாள் தலைவி, நாற்காலியிலிருந்து.

"முற்றுகை நடைபெறுகிறது!"

"கடைசி நம்பர் என்னப்பா? நான் வேணா தடவிப் பாக்கறேன்."

"மறைமொழியை மகளுக்கும் உரையேன்! உரைத்தால் நாளையே மெழுகுவத்தி ஜிப்புக்குப் போகும்!"

அந்தக் கட்டத்தில்தான் மாற்றாரின் மறைமுகப் படை புகுந்தது. பால்கனிக் கதவின் கீழிடுக்கு வழியே, சத்தமின்றி, வாடகை கேட்க வரும் வீட்டுக்காரனைப்போல் பதவிசாக, மழைநீர் உள்ளே வந்தது. குப்புறக் கிடந்த வீரனின் முழங்கை முதலில் நனைந்தது. அதன்பின் வயிறு. நீர் அவனைச் சுற்றிக்கொண்டு படுக்கையறை நோக்கி நகர்ந்தது.

"ஐயோ, என் கம்பளி!" என்று தலைவி எழுந்தாள். இருட்டில் நாற்காலிக்கால் தட்டி மீண்டும் உட்கார்ந்தாள். "ஏங்க, தண்ணி கட்டிலுக்கடியில போகுதுங்க! ஒரு வெளிச்சம் குடுங்க, எங்க எது கெடக்குன்னே தெரியல. நாலும் போச்சுன்னா இந்தக் குளுருக்கு எதப் போத்தறது?"

அவள் குரலில் பந்தயம் இல்லை. அதுதான் ஏந்தலின் நெஞ்சைப் பிளந்தது. வென்றால் சிரிப்பாள் என்றல்லவா அஞ்சியிருந்தான். அவளோ அழுதுவிடுவாள் போலிருந்தது. விரல்கள் வியர்த்தன. சக்கரங்கள் வழுக்கின. வாழ்நாளில் முதன்முறையாக, தான் விற்ற பூட்டு கொஞ்சம் மட்டமானதாய் இருந்திருக்கலாகாதா என்று ஏங்கினான் அந்தப் பூட்டு வணிகர் கோமான். "ரெண்டு நிமிஷம்" என்றான். காவியமொழி கைவிட்டிருந்தது. "ரெண்டே நிமிஷம்மா."

இருளில் ஒரு பெருமூச்சு. முழங்கால் இரண்டும் சொடுக்கும் ஒலி. புடவையின் சரசரப்பு.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நகந்துக்குங்க" என்றார் மாமியார். "கண்ணு, பெட்டிய செவுத்துல இருந்து இப்படி இழு."

மகள் இழுத்தாள். பழகிய இழுப்பு, கேள்வி கேட்கவே இல்லை. பெட்டியின் பின்புறம், கீல் இருக்கும் இடத்தில் ஒரு கொண்டை ஊசி எதையோ நெம்பியது. 'டிங்' என்று ஓர் ஆணி தரையில் விழுந்தது. 'டிங்' என்று இன்னொன்று. மூடி முதுகுப்பக்கமாக வாய்திறந்து எழுந்தது. முன்னால் எண்பூட்டு, சிறிதும் தோற்காமல், யாரும் தொடாமல், கம்பீரமாய்ப் பூட்டியே நின்றது.

தீக்குச்சி உரசிற்று. மெழுகுவத்தி எரிந்தது. அதன் சுடரில் மூன்று பெண்முகங்களும் ஒன்றும் அறியாதனவாய் மூன்று திசை பார்த்தன.

"எத்தன நாளா?" என்றான் ஏந்தல்.

"பூட்டு நல்ல பூட்டு மாப்பிள்ளை" என்றார் மாமியார், ஆறுதலாக. "அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. பெட்டிதான் பழசு."

தலைவி மெழுகுவத்தியோடு ஓடினாள். ஏந்தல், ஈரவயிற்றோடு எழுந்து, பெட்டியிலிருந்த கட்டுத்துணியைக் கதவிடுக்கில் அடைத்து நீரை மறித்தான். அந்தப் படலத்தில் அவன் செய்த உருப்படியான செயல் அது ஒன்றே. கம்பளிகள் ஒவ்வொன்றாய்க் கூடத்துக்கு வந்தன. எங்கே வைப்பது? தரையெல்லாம் ஈரம். வீட்டிலேயே உலர்ந்திருந்த, உயரமான, வாய்திறந்து காத்திருந்த இடம் ஒன்றுதான். ஏந்தல் பார்த்தான். தலைவி பார்த்தாள். அவன் தானே குனிந்து கயிறும் ஊதலும் அள்ளி வெளியே வைத்தான். அவள் கம்பளிகளை மடித்து உள்ளே வைத்தாள். பதவி கைமாறியதற்கு அதற்குமேல் சடங்கேதும் நடக்கவில்லை.

"அந்த டார்ச்சு எதுக்குங்க சும்மா கெடக்கு? அதப் போடுங்க, மெழுகுவத்தி அணைஞ்சிடப் போகுது" என்றாள் புதிய ஆபத்துக்காவலி.

ஏந்தல் டார்ச்சை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். மீண்டும் அழுத்தினான். பின்பக்கத்தைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

கணக்கு: கம்பளி நாலு, அதில் நனைந்தது ஒன்று. உப்பு பிஸ்கட் ஆறு பாக்கெட், அதில் காலி உறை ஐந்து, பிரிக்காதது ஒன்று. பூட்டு ஒன்று, இன்னும் திறக்கவில்லை. டார்ச் ஒன்று, பாட்டரி வாங்கணும்.