திறக்கிறதுக்குத்தான் சந்தா

சங்கரன்கோவிலில் உரக்கடை மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இசக்கித்துரைக்கு ஒரே ஒரு பெருமை. பாட்டு போடும் சாப்ட்வேரைக் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கிய மனுசன் அவர். மற்றவனெல்லாம் திருட்டு சாப்ட்வேரில் கோரஸ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மனைவி பொன்மணியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கினார். அது வந்த அட்டைப்பெட்டிக்கு ஆயுத பூஜைதோறும் சந்தனம், குங்குமம், மாலை. சங்கிலி திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த சாப்ட்வேர் திறக்க மறுத்தது. திரையில் ஓர் அறிவிப்பு: 'அன்புள்ள படைப்பாளரே, உடைமை என்னும் பெருஞ்சுமையிலிருந்து தங்களை விடுவிப்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம். இனி மாதச் சந்தா மட்டுமே.'

செவ்வாய்க்கிழமை குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் இவருடைய சொந்த ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. அதற்கென்று போட்ட புதுப் பாட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. பாட்டு வராவிட்டால் ஊர்க்காரன் முகத்தில் முழிக்க முடியாது. கம்பெனிக்குப் போன் போட்டார். ஜாய்ஸ் என்று ஒரு பெண், தேன் ஒழுகப் பேசியது.

"நீங்க சாப்ட்வேரை வாங்கலை சார். பயன்படுத்த அனுமதிதான் வாங்கியிருக்கீங்க."

"பெட்டி எங்கிட்ட இருக்கும்மா. பூஜையெல்லாம் போடுதேன்."

"பெட்டி உங்களுதுதான் சார். அதை யாரும் கேக்கலை."

"அப்ப உள்ள கெடக்க என் பாட்டு?"

"பாட்டும் உங்களுதுதான் சார். திறக்கிறதுக்குத்தான் சந்தா."

இசக்கித்துரை போனை வைத்தார். கோபம் வந்தது. கூடவே, அநியாயத்தை இவ்வளவு மரியாதையாகக்கூடச் சொல்லலாமா என்று ஒரு மலைப்பும் வந்தது. சந்தாவைக் கட்டினார். பாட்டு வெளியே வந்தது.

மறுநாள் காலை கொடைக் கமிட்டித் தலைவர் மருதப்பன் பாட்டை வாங்க வந்தார். இசக்கித்துரை குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு, "பாட்டு ஊருக்குத்தான் அண்ணாச்சி. கேக்கதுக்குத்தான் சந்தா," என்றார்.

சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், மருதப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தரம் சொல்லும் வே என்று கேட்டுக்கொண்டார். உலகம் எங்கேயோ போய்விட்டது, நம்ம ஊர்தான் இன்னும் சொந்தம் கிந்தம் என்று பின்தங்கிக் கிடக்கிறது என்று ரொம்பவும் வருத்தப்பட்டார். அன்று சாயங்காலமே கமிட்டி கூடி ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டது.

என்ன தீர்மானம் என்பது செவ்வாய்க்கிழமை கோயிலுக்குள் கால் வைத்ததும் இசக்கித்துரைக்கு விளங்கியது. கண் கூசியது. அங்கே இருக்கிற டியூப்லைட் அத்தனையும் யாராவது ஒருவர் உபயம். உபயம் என்றால் பேர் வேண்டாமா? பேர், அப்பா பேர், பார்க்கிற வேலை எல்லாம் சிவப்புப் பெயிண்டில் இந்த முனை முதல் அந்த முனை வரை எழுதியிருக்கும். மிச்சமிருக்கிற இடுக்கில்தான் வெளிச்சம் வரும். இப்போது பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டார்கள். அம்மன் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரிந்தது.

அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து அவரவர் பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்கப்பா சொந்தக் காசுல வாங்கிக் குடுத்த லைட்டு அண்ணாச்சி," என்றார் இசக்கித்துரை.

"லைட்டு உங்கப்பா குடுத்ததுதான் வே. யாரு இல்லைன்னா? பேரு தெரியதுக்குத்தான் சந்தா," என்றார் மருதப்பன்.

செத்துப்போன அப்பா பேர் ஊரில் இல்லாமல் போவதா? இசக்கித்துரை போனை எடுத்துக் கட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பெயிண்டர் சுடலைமணி ஏணியோடு தயாராக இருந்தார். சாமியாட்டம் தொடங்குவதற்குள் எல்லாப் பேரும் முன்னைவிடக் கொட்டை எழுத்தில் ஏறிவிட்டன. வசூலான சந்தாவில் மருதப்பன் பாட்டுக்குச் சந்தா கட்டினார். இசக்கித்துரை அதை அப்படியே கம்பெனிக்கு அடுத்த மாதத்துக்கென்று கட்டினார்.

பாட்டு முழங்கியது. குலவை போட்டுக்கொண்டே வந்த பொன்மணி, அந்த மங்கலில் கண்ணை இடுக்கிக்கொண்டு, "சாமி எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

இசக்கித்துரை பெருமையோடு மேலே கையைக் காட்டினார்.

"அங்கன பாரு, அப்பா பேரு."