பட்டை பாய் மென்ற பூ

திண்டுக்கல் வட்டாரத்தில் முளைத்த செடிகளில் பட்டை பாயின் பல் படாத செடி ஒன்றுகூடக் கிடையாது. ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிற செடியைக்கூட அவர் மென்றிருக்கிறார்.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை வாங்கி விற்பவர். ஒரு துண்டை மென்று, துவர்ப்பு நாக்கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துத்தான் சரக்கை எடுப்பார். தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மேடை அலங்காரத்திலிருந்து இலையைக் கிள்ளி வாயில் போட்டு, பிளாஸ்டிக் என்று மாப்பிள்ளையிடமே தீர்ப்புச் சொன்னார். எங்கள் வீட்டு மாடத்துத் துளசியை மென்றுவிட்டு, இது நாய்த்துளசி என்றார். ஆறு வருஷமாக அதைச் சுற்றி வந்த அம்மா அன்று சாயங்காலம் மாடத்தில் விளக்கேற்றவில்லை. மறுநாள் முதல் பாய் மென்று பார்க்காத கீரையை அம்மா சமைப்பதும் இல்லை.

தாவரவியல் ஆராய்ச்சிக்காக நான் குடகனாற்றங்கரைச் செடிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பாய்தான் துணை, அவருடைய மொபெட்தான் வாகனம். சித்தையன்கோட்டைக்கு அப்பால், ஆற்றோர மரக்கூட்டத்துக்குள் இடுப்புயரத்தில் ஒரு புதர். எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் பிடிபடவில்லை. பாய் ஓர் இலையை மென்றார். இன்னொன்றை மென்றார்.

"இது நான் திங்காத செடி அப்பு" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் ஆராய்ச்சி கைடு செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, பல்லை உடைக்கிற ஒரு லத்தீன் பெயரைச் சொன்னார். அரிய செடியாம். ஆனால் பூவைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் என் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் இல்லை, எனக்குப் பட்டமும் இல்லை. புதரோ இரண்டு வருஷமாகப் பூக்கவே இல்லை. இந்த வருஷத்தோடு என் கெடு முடிகிறது.

ஒரு நாள் காலையில் பாயிடமிருந்து போன். பூத்துவிட்டது, ஒன்றே ஒன்று, வெள்ளை என்றார். தொடாதீர்கள், உடனே போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கத்தினேன். போட்டோ வந்தது. அவருடைய நாக்கு.

பஸ் பிடித்து ஓடினேன். காம்பு மட்டும் நின்றது.

"மொதல்ல துவர்ப்பு, நடுவுல கசப்பு, கடசியா லேசா இனிக்கிது. எழுதிக்க அப்பு" என்றார் பெருமையாக.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, மூச்சு வாங்கும் வரை திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சங்கடத்தில் ஒரு புல்லைப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தார். அப்போதுதான் இலையிடுக்கில் இன்னொரு மொட்டு தெரிந்தது. மேய்கிற ஆடுகளிடமிருந்து அதைக் காக்கத் தானே இருப்பதாக பாய் சொன்னார். ஆட்டை நம்பினாலும் உங்களை நம்ப மாட்டேன் என்றேன். பாய் மென்றுகொண்டிருந்த புல்லைத் துப்பினார்.

"நாளைக்கு நோம்பு தொடங்குது அப்பு. பொழுதடையிற வரைக்கும் வாயில பச்சத்தண்ணி படாது. இந்த ஊர்ல என்னைய விட்டா வேற யார நம்புவ?"

மொட்டை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

எட்டு நாள், விடிந்ததும் குடையோடு வந்து உட்காருவார். சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குத் திரும்பியதும் மொபெட்டை முறுக்கிக்கொண்டு ஊருக்குப் பறந்துவிடுவார். நோன்பு திறந்த பிறகு அந்தப் புதருக்குப் பக்கத்தில் நிற்க, அவருக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மொட்டு விரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாய் பத்தடி தள்ளி, வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சுருக்கா எடுத்துட்டுப் போயிரு அப்பு. வாசம் ஆள இழுக்குது."

கைடு பூவைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அந்தப் பல்லுடைக்கும் பெயரேதான். கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்து ஓர் இதழ் மிச்சம் இருந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி, நோன்பு திறக்கும் நேரத்துக்கு பாய் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்காகத் தொண்டை காயக் காவல் இருந்த மனுஷர். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி எல்லாம் ஆன பிறகு இதழை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். வீடே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதே ருசிதேன்" என்று தலையாட்டினார்.

கைடு கையெழுத்துப் போட்டபோதுகூட எனக்குள் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. பாய் தலையாட்டிய பிறகுதான், நான் பாஸாகிவிட்டேன் என்று நம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.