பொம்மிக்குச் சொன்ன அருள்வாக்கு

1998ஆம் வருஷம் திண்டிவனத்தில் இரண்டே இடங்களில்தான் கால் வைக்க இடமிருக்காது. ஒன்று பஸ் ஸ்டாண்டு. மற்றது நிழலானந்த சாமிகளின் மடம். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்காவது எங்கே போகிறோம் என்று தெரியும்.

மடம் என்றால் மடமில்லை. மூடிப்போன கடலை எண்ணெய் மில். முன்பு அங்கே மல்லாட்டையைப் பிழிந்தார்கள். இப்போது மனிதர்களை.

சாமி யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். "முகம் நடிக்கும், நிழல் நடிக்காது" என்பது அவர் கண்ட தத்துவம். இருட்டறையின் நடுவே ஒரு வெள்ளைத் திரை. அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் பக்தர். பக்தரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு. திரையில் விழும் நிழலைப் பார்த்துச் சாமி அருள்வாக்குச் சொல்வார்.

நிபந்தனைகள் உண்டு. உள்ளே பக்தர் வாய் திறக்கக்கூடாது. வெளியே வந்த பிறகு, சாமி சொன்னதை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் நிழல் கோபித்துக்கொள்ளும். கோபித்துக்கொண்டு அது எங்கே போகும், நம் காலடியில்தானே கிடந்தாக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே போனவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "என் மனசுல இருந்தத அப்படியே புட்டுப் புட்டு வச்சுட்டாரு!" அவ்வளவுதான் சொல்வார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்களும் சர்ச்சில் பூசை முடிந்து ஜெபமாலையோடு வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். சாமி மதம் பார்ப்பதில்லை. தட்டில் விழும் காணிக்கைக்கு ஏது மதம்?

அந்த வரிசையில் வெள்ளிக்கிழமை தவறாமல் நின்றவள் கண்டமங்கலம் கெங்கம்மாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். இரண்டு ஏக்கர் கரும்பை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் மகன் சீனுவாசனை வளர்த்து, புதுச்சேரியில் ஒரு கம்பெனி வேலைக்கு அனுப்பியவள். அவளிடம் கடன் கேட்க வந்தவர்கள் உண்டு, யோசனை கேட்க வந்தவர்கள் உண்டு. "உனக்கு எப்படிமா இருக்குது?" என்று கேட்க வந்தவர்கள் யாரும் இல்லை. முதல்நாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "வெளியே சிரிக்கிறாய், உள்ளே அழுகிறாய்" என்று ஒரு குரல் வந்தபோது, அவள் அங்கேயே உட்கார்ந்து தேம்பிவிட்டாள்.

சீனுவாசனுக்குக் காணையில் பெண் பார்த்துத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. பெண் கலைப்பிரியா, திண்டிவனத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கெங்கம்மாளுக்கு இருவரையும் பிடித்திருந்தது. இவ்வளவு பேருக்குப் பிடித்திருந்தால் நம் ஊரில் சும்மா விடுவார்களா?

"பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி சாமிகிட்ட நிழல காட்டிட்டு வந்துடலாம்மா" என்று கெங்கம்மாள் மருமகளை அழைத்துப்போனாள்.

கலைப்பிரியா திரைமுன் நின்றாள். முதலில் ஒரு நிழல் தெரிந்தது. சற்று நேரத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. திரைக்கு அந்தப் பக்கம் சாமி அலறினார்.

"இரட்டை நிழல்! இவள் கழுத்தில் தாலி ஏறினால் மாப்பிள்ளையின் நிழல் தேயும்! மூன்று அமாவாசை நிழல் கழிப்புச் செய்ய வேண்டும்!"

நிழல் கழிப்பு என்றால் என்ன என்று சாமியின் உதவியாளர் பச்சைமுத்து வாசலில் விளக்கினார். விளக்கம் முடிந்தபோது கெங்கம்மாளின் கரும்பு வயலில் பாதி கரைந்துவிடும்போல் இருந்தது. கழிப்பு முடிகிறவரை கல்யாணப் பேச்சு கூடாது என்றும் உத்தரவாயிற்று.

மறுநாள் சாயங்காலம் புடவைக் கடையில் கலைப்பிரியா, பார்க்க வந்திருந்த தன் சிநேகிதி ஜாக்குலினிடம் கொட்டித் தீர்த்தாள். ஜாக்குலின் அவளோடு ஒரே ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். இப்போது புதுச்சேரியில் மனோதத்துவம் எம்.ஏ. படிக்கிறாள்.

"டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுடி. அப்புறம்தான் ரெண்டாவது நிழல் வந்துச்சு. தோஷம் வந்தா சுவிச்சு சத்தம் கேக்குமா?"

"ரெண்டு லைட்டு எரிஞ்சா ரெண்டு நிழல். இதுக்கு எம்.ஏ. தேவையில்ல" என்று ஜாக்குலின் சிரித்தாள். "உன் அத்தைக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'லைட்டு போட்டு நிழல் காட்டலாம், என் மனசுல இருக்கறத எந்த லைட்டப் போட்டுக் கண்டுபுடிச்சாரு?'ன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லுவேன்?"

ஜாக்குலின் யோசித்தாள். "எங்க காலேஜுல மொத வாரமே புரொபசர் எங்க எல்லார் கையெழுத்தையும் வாங்கிக்கினு போனாரு. மறுநாள் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, உங்க குணம் இதுதான்னு எழுதிக் குடுத்தாரு. படிச்சுட்டு எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. அப்படியே நான்தான்! அப்புறம் பக்கத்துப் பொண்ணோடத வாங்கிப் பார்த்தா, அதேதான். கிளாஸ் முழுக்க ஒரே வாசகம்."

"எல்லாருக்குமா பொருந்துச்சு?"

"எல்லாருக்கும் பொருந்தற மாதிரிதான் எழுதியிருந்தாரு. கோபம் வரும், சீக்கிரம் ஆறிடும். நல்லது செஞ்சீங்க, மறந்துட்டாங்க. இத இல்லன்னு சொல்றவங்க உலகத்துல யாருடி? பொருந்தறத நாமளே புடிச்சுக்குவோம். பொருந்தாதது காதுலயே விழாது."

"அத நீ சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. அவங்க காதால கேக்கணும்" என்றாள் கலைப்பிரியா. அவள் பார்வை கடை வாசலுக்குப் போனது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அரக்குச் சிவப்புப் பட்டுடுத்தி, யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது துணிக்கடைப் பொம்மை.

வெள்ளிக்கிழமை காலை. கடை முதலாளி சக்கரபாணி சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். சீனுவாசன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மொபெட்டில் வந்தான். அம்மாவை எதிர்த்துப் பேச அவனுக்குத் தைரியமில்லை. ஆனால் பொம்மையைத் தூக்கத் தெம்பிருந்தது. பொம்மை நடுவில், ஜாக்குலின் பின்னால். பட்டுப் புடவையின் மடிப்புக்குள் ஜாக்குலினின் கையடக்க டேப் ரெக்கார்டர். மேம்பாலத்தடியில் ஒரு பெரியவர், "பாரு, இந்தக் காலத்துல இப்படி அடக்கமா, தல திருப்பாம, அசையாம போற பொண்ணு ஏது?" என்று வியந்தார்.

மடத்து வாசலில் பச்சைமுத்து. அவருடைய கண் ஆட்களின் முகத்தைப் பார்க்காது. முதலில் கழுத்து நகையைப் பார்க்கும், பிறகு புடவையை, பிறகு தட்டை. பொம்மை கழுத்தில் தகதகவென்று கில்ட் நகை. முக்காடு மூக்குவரை.

"பேரு?"

"பொம்மிங்க" என்றாள் ஜாக்குலின்.

"இன்னா வேலை?"

"புடவைக் கடையிலதாங்க நிக்குது."

"ஏன், அதுவே சொல்லாதா?"

"பொறந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசுனதில்லைங்க. நடக்கவும் முடியாது, தூக்கிக்கினுதான் வரணும். நிக்க வச்சா நிக்கும்."

ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வாசலில் அன்றைக்குப் பேசப்பட்ட உண்மை அது மட்டும்தான்.

"முக்காட எடுக்கச் சொல்லு."

"வெளிச்சம் பட்டா நிறம் போயிடுங்க."

"ஐயோ பாவம்" என்றார் பச்சைமுத்து. தட்டை நீட்டினார். "ஜல்தியா கூட்டிக்கினு போ."

சீனுவாசன் பொம்மியைத் திரைமுன் நிறுத்தினான். அவனும் ஜாக்குலினும் விளக்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். சாமி சொன்னபடி பேசாமல், இருமாமல், தும்மாமல் நின்ற இப்படி ஒரு பக்தையை அந்த மடம் கண்டதில்லை. சாமியே நெகிழ்ந்துபோனார்.

"மகளே! வெளியே சிரிக்கிறாய், உள்ளே அழுகிறாய். கோபம் வரும், ஆனால் உடனே ஆறிவிடும். நீ நன்மை செய்தவர்களே உன்னை மறந்தார்கள். இரவில் தூக்கம் வராமல் புரள்கிறாய். பிறருக்காகவே வாழ்ந்தாய். உனக்கென்று ஆசைப்பட்டு ஒரு புடவைகூட நீ கட்டியதில்லை..."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சத்தியமான உண்மை.

டக். இரண்டாவது நிழல் முளைத்தது.

"இரட்டை நிழல்! மூன்று அமாவாசை கழிப்புச் செய். மாங்கல்யம் கூடும். வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தைக்குத் தாயாவாய்!"

பொம்மி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

வெளியே பந்தலில் பெண்கள் பக்கமாக அவளை நிறுத்திவைத்தார்கள். "கொஞ்சம் நகந்துக்கோம்மா" என்று ஒரு அம்மாள் கேட்டுப் பார்த்தாள். பொம்மி நகரவில்லை. "பட்டு கட்டிக்கினா எவ்ளோ திமிரு பாரு" என்று அந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுதுக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. கெங்கம்மாளும் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கலைப்பிரியா. ஜாக்குலின் வந்து டேப் ரெக்கார்டரை அவள் கையில் கொடுத்தாள்.

"அத்தே, காலைல சாமி ஒருத்தங்களுக்குச் சொன்ன வாக்க இதுல புடிச்சு வச்சிருக்குது. கேளுங்க" என்றாள் கலைப்பிரியா.

"ஐயையோ, அடுத்தவங்களுது கேக்கக் கூடாதுடி!" என்றாள் கெங்கம்மாள். காது மட்டும் நீண்டது.

'வெளியே சிரிக்கிறாய், உள்ளே அழுகிறாய்...'

கெங்கம்மாளின் முகம் வெளிறியது. "இது என்னுது! எனக்குச் சொன்னத எப்படிடி புடிச்ச?"

முன் வரிசையிலிருந்து சவுரிராயன் திரும்பினார். ஓய்வுபெற்ற தபால்காரர். "இன்னாமா உன்னுதுன்ற? அது எனக்குச் சொன்னது. நான் உதவி செஞ்ச என் தம்பி என்னை மறந்துட்டான். அத்தான் சாமி சொல்றாரு."

"உன் தம்பி கிடக்கட்டும்யா, எங்க நாத்தனார் மறந்ததத்தான் சொல்றாரு!" என்று எழுந்தாள் இன்னொருத்தி.

"தூக்கம் வராம பொரள்றது நானு!"

"நீ பகல்லயே கொறட்ட வுடுவியே, நீயா பொரள்ற?"

அவ்வளவுதான். பந்தல் இரண்டுபட்டது, நாலுபட்டது. வாக்கு யாருடையது என்று சண்டை. வயல் வரப்புக்குக்கூட அந்த ஊரில் இப்படிச் சண்டை நடந்ததில்லை. துக்கத்துக்குச் சொந்தம் கொண்டாட இத்தனை பேர்! புடவைத் தலைப்பு கிழிந்தது. சவுரிராயனின் மூக்குக்கண்ணாடி பறந்தது. டேப் மட்டும் நிற்காமல், 'ஆண் குழந்தைக்குத் தாயாவாய்!' வரை ஓடி முடிந்தது.

சத்தம் கேட்டுச் சாமியே வெளியே வந்துவிட்டார். முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்த்தார்கள். அவருக்கும் எல்லோரையும்போல ஒரே ஒரு நிழல்தான்.

"அமைதி! அமைதி! யார் வாக்கை வெளியில் சொன்னது?"

"நீங்களே தீர்ப்பு சொல்லுங்க சாமி" என்றாள் கலைப்பிரியா. "இது யாருக்குச் சொன்னது?"

பச்சைமுத்து கூட்டத்திலேயே விலைகூடிய புடவையைப் பார்த்துச் சாமியின் காதில் கிசுகிசுத்தார். "அதோ, அந்தப் பட்டுப்புடவைக்காரிக்கு!" என்றார் சாமி.

கலைப்பிரியா போய் முக்காட்டை விலக்கினாள்.

வர்ணம் பூசிய கன்னம், இமைக்காத கண், மூக்கின் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்த வடு. முதலில் ஒரு பெண் 'களுக்'கென்று சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவியது.

"பொம்மைக்கா ஆம்பளப் புள்ள பொறக்கும்னாரு!"

சாமி அசரவில்லை. கையை உயர்த்தினார். "அறிவிலிகளே! அது பொம்மை என்று எனக்குத் தெரியாதா? உங்கள் பக்தியைச் சோதிக்கவே அப்படிச் சொன்னேன்!"

கூட்டத்தில் சிலர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாத்தியா! பொம்மைக்கே வாக்குச் சொல்றாருன்னா இன்னா சக்தி இருக்கணும்!" ஏமாந்தவனைத் திருத்திவிடலாம். ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவனைத் திருத்த எந்தக் காலேஜிலும் பாடம் கிடையாது.

அப்போது உள்ளேயிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது. சண்டையில் உள்ளே நழுவியிருந்த சீனுவாசன், வாசலோரம் பச்சைமுத்து உட்காரும் முக்காலிக்கு அடியில் இருந்த சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டான்.

"யம்மா, உள்ள வந்து பாரு! ஒரு சுவிட்சு, ஒரு நிழலு. ரெண்டு சுவிட்சு, ரெண்டு நிழலு. இந்தா, எனக்கும் தோஷம் வந்துடுச்சு! இந்தா, போயிடுச்சு! பைசா செலவில்ல!"

ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு போய், ஆளுக்கொரு தடவை தோஷம் வரவழைத்துப் போக்கிக்கொண்டார்கள்.

கெங்கம்மாள் மட்டும் உள்ளே போகவில்லை. சாமியின் எதிரில் வந்து நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"சாமி, போன தை மாசத்துலேர்ந்து வாராவாரம் வர்றேன். என் மனசு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன். என் பேரு இன்னா சாமி?"

சாமி வாயைத் திறந்தார். பச்சைமுத்துவைப் பார்த்தார். பச்சைமுத்து தட்டைப் பார்த்தார்.

"நான் எந்த ஊருன்னாவது தெரியுமா?"

கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அந்தரத்தில் நின்றது. ஒருவர் பின் ஒருவராக, "என் பேரு இன்னா சாமி?" "என் பேரு?" என்று கிளம்பினார்கள். தட்டில் இருந்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் அறிந்த நிழலானந்தருக்கு அன்று தெரிந்த ஒரே விஷயம், மில்லின் பின்கதவு எந்தப் பக்கம் என்பதுதான். போலீஸ் வருவதற்குள் போய்விட்டார். நிழலையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

கெங்கம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கலைப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள்.

"என்னை நெனச்சா எனக்கே பேஜாரா இருக்குது" என்றாள் கெங்கம்மாள். "பொம்மைக்குச் சொன்னதக் கேட்டு நான் அழுதிருக்கேன் பாரு."

"அவரு சொன்னது பொய்யா இருக்கலாம் அத்தே. நீங்க அழுதது பொய் இல்லியே. என்னாண்ட சொல்லுங்க. எனக்கு நிழல் பாக்கத் தெரியாது, காது கேக்கும்."

கெங்கம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். சீனுவாசன் பொம்மியைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று அமாவாசைக்குக் காத்திராமல் ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. பந்தலில் எக்கச்சக்க விளக்கு. மணமக்களுக்கு ஏழெட்டு நிழல் விழுந்தது. ஒருவரும் பயப்படவில்லை.

நீங்களும் யாரிடமாவது போய், "என்னைப் பற்றி அப்படியே சொல்லிவிட்டார்" என்று மெய்சிலிர்த்து வந்தால், பக்கத்தில் நிற்பவரிடம் மெதுவாக, "உனக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்க மாட்டேன், யோசிக்க மாட்டேன், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்றால், அந்த வேலையைப் பொம்மியே நன்றாகச் செய்கிறாள். நீங்கள் எதற்கு?