நெயில் அண்ணாச்சியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகங்கள்

தில்லி துவாரகாவில் உள்ள அத்தனை பியூட்டி பார்லர்களையும் வரிசையாக நிறுத்தினாலும், ஜெல் நகம் ஒட்டுவதில் நெயில் அண்ணாச்சியின் கால்தூசிக்குப் பெறாது. சும்மா சொல்லவில்லை. அவர் ஒட்டிவிட்ட நகங்களோடு மெட்ரோவில் ஏறப் போய், சோதனை போடும் ஜவானிடம் கையை விரித்துக் காட்டி, "க்யா பாத் ஹை, பாய்சாப்!" என்று பாராட்டு வாங்கியவன் நான்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கனடாவில். எங்கள் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் அவர் வீடு. எதிர்க்கதவு ஒண்டிக்கட்டையான என்னுடையது.

அவருடைய இடது கையில் எப்போதும் ஐந்து நீள நகங்கள், ரோஸ் நிறத்தில் மினுமினுக்கும். வலது கை மட்டும் அரசு ஊழியருக்குரிய ஒழுக்கத்தோடு இருக்கும். சொசைட்டி மீட்டிங்கில் லிஃப்ட் ஓடவில்லை என்று அவர் மேசையைத் தட்டினால், எழும் டக்டக் சத்தத்துக்கே செக்ரெட்டரி பாதி கோரிக்கைகளை ஒப்புக்கொண்டுவிடுவார். பிள்ளைகள் 'நெயில் அங்கிள்' என்பார்கள். நான்தான் ஊர் மரியாதைக்காக அண்ணாச்சி ஆக்கினேன்.

ஆரம்பத்தில் அவர் கைவரிசை படுமோசம். பொங்கல் விருந்தில் பாயசம் பரிமாறிய அண்ணாச்சியின் சுண்டுவிரல் நகம் காணாமல் போயிற்று. பந்தியில் இருந்த பஞ்சாபி ஆன்ட்டி ஒருவர் அதைப் பாதாம் என்று நினைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாஜி, இது கொஞ்சம் வேகவில்லை" என்று இந்தியில் குறை சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

மகள் எஞ்சினியரிங் படித்தவள். கனடாவுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு நகப் பார்லர் திறந்தாள். அண்ணாச்சி குதித்திருக்கிறார். "அடுத்தவ கையப் பிடிச்சு நகம் ஒட்டவா ஒன்னய எஞ்சினியருக்குப் படிக்க வச்சேன்?" அதோடு பேச்சு நின்றது. தாய் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்."

"அங்க குளிரா?"

"குளிருதான்."

"சரி, வச்சிருதேன்."

ஒரு வாரத்துப் பேச்சு அவ்வளவுதான். ஒரு நாள், போனை வைத்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில், வாயில் வந்ததைக் கேட்டுவிட்டார். "ஏட்டி, அந்த நகம் கழண்டு விழாம எப்படி நிக்குது?" மகள் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகும்வரை பேசினாள். மறுநாளே அண்ணாச்சி கரோல் பாக் போய் ஜெல், ஒட்டு நகப் பெட்டி, ஜெல்லை இறுக்கும் விளக்கு எல்லாம் வாங்கிவிட்டார்.

இரண்டு கை நகங்களையும் ஒருவரே தனக்கு ஒட்டிக்கொள்வது கஷ்டம். ஆகவே என் கை தேவைப்பட்டது. தில்லியில் தனியாக இருப்பவனுக்கு ஞாயிறு மாதிரி நீளமான கிழமை கிடையாது. துணியைத் துவைத்துக் காயப்போட்டால் அப்புறம் சுவரைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் இரண்டு வார்த்தை பேச ஆள் கிடைக்கும் என்றால் விரலை என்ன, கழுத்தையே நீட்டியிருப்பேன்.

மகள் வீடியோவில் சொல்வாள், அவர் செய்வார். நகத்தடித் தோலை மெல்லத் தள்ள வேண்டும். மினுமினுப்புப் போக லேசாக ராவ வேண்டும். ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்; எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. ஜெல் தடவிய நகத்தைச் சாய்த்து வைத்து, காற்றுக் குமிழி நிற்காமல் அழுத்தி, விளக்குக்குள் விட வேண்டும். "ஜெல் தோல்ல பட்டுட்டுப்பா, தொடைங்க!" என்று அவள் அதட்டுவாள். அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாகத் துடைப்பார்.

சித்திரமும் கைப்பழக்கம். ஒரு ஞாயிறு என் ஐந்து விரலும் அப்பழுக்கில்லாமல் அமைந்துவிட்டன. வந்தது வினை.

"சூப்பர்ப்பா! சந்தேகம் ஒண்ணும் இல்லல்லா? கஸ்டமர் வந்துட்டாங்க, வச்சிருதேன்."

அண்ணாச்சி அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு, தேங்காய் எண்ணெயைத் தொட்டு என் கட்டைவிரல் நகத்தில் தேய்த்தார்.

"அண்ணாச்சி! எண்ணெய் பட்டா ஒட்டாதே!"

"சத்தம் போடாத தம்பி. எல்லாம் ஒட்டிட்டுன்னா நான் அவகிட்ட எதைக் கேக்க?"

நான் கட்டைவிரலை மறுபடி நீட்டினேன். அன்றுமுதல் என் கட்டைவிரல் நகம் ஞாயிறுதோறும் கழன்றது. குளிர், தூசி, மட்டமான ஜெல், கரண்ட் ஏற்ற இறக்கம் என்று அண்ணாச்சி காரணங்களை அடுக்குவார். மகளும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதில் சொல்வாள். பேச்சு நீண்டது.

ஒரு நாள் அவள், "கழண்ட நகத்தக் கிட்டத்துல காட்டுங்கப்பா" என்றாள். காட்டினார். உற்றுப் பார்த்தாள்.

"எப்பா. எண்ணெ தேச்சீங்களா?"

பாராளுமன்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாரித்த மனிதர் எண்ணெய்க் கிண்ணத்தை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினார்.

"நாலு விரல்ல நிக்குது, ஒண்ணுல மட்டும் வாராவாரம் கழலுதுன்னா எனக்குத் தெரியாதா? எனக்கு இதான தொழிலு?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கம் கடை மணி அடித்தது. யாரோ வந்திருக்கிறார்கள். இனி வைத்துவிடுவாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் திரும்பி, கொஞ்சம் காத்திருக்கும்படி ஆங்கிலத்தில் யாரிடமோ சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"சரி, அந்தத் தம்பியோட இன்னொரு கையக் கேளுங்க. தோலைத் தள்ளுறதுல இருந்து சொல்லுதேன். எனக்கு நேரம் இருக்கு."

மறுநாள் எனக்கு ஆபீஸ். ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் ஒளிக்கலாம். இரண்டையும் ஒளித்துக்கொண்டு எப்படிக் கம்ப்யூட்டர் தட்டுவது? ஆனாலும் நீட்டினேன். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.