திரையைக் கிழித்து வந்த இன்ஜினியர்

கட்டடம் விழுமா, நிற்குமா என்று சொல்வதுதான் இன்ஜினியரின் வேலை. கட்டடத்துக்கு முந்தி, தான் விழுந்துவிடக் கூடாது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஒரு இன்ஜினியரிடம் நான் உதவியாளனாகச் சேர்ந்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய தியேட்டரைப் பார்த்துவரச் சொன்னார். நாடகக் கொட்டகையாகக் கட்டி, பின்னால் சினிமாவுக்கு மாறியது. இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகக் கதவுகள். தலைக்கு மேல் தேக்கு உத்தரங்கள். உறுதியான கட்டடம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ். இல்லையென்றால் இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட, முதலாளியின் மகன்கள் தயார்.

முதலாளி ரெங்கசாமி அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார்.

"எங்க அய்யா கட்டுனது தம்பி. உள்ளதைச் சொல்லுங்க, அம்புட்டுத்தான்."

"ரொம்பப் பழசுல்லா அண்ணாச்சி, பாப்போம்" என்றேன். (இடிக்க வேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன். கறாரான ஆள் என்று பேர் வாங்க வேண்டாமா?)

மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் பழைய நாடக மேடை அப்படியே இருந்தது. உத்தரத்தைத் தட்டிப் பார்க்க ஏணியில் ஏறினேன். கும்மிருட்டு. கால் வழுக்கியது. கையில் அகப்பட்ட எதையோ பிடித்துத் தொங்கினேன்.

இடி இடித்தது. கூரையே பிளந்த மாதிரி.

"ஓடுங்க! கட்டடம் விழுது!" என்று அலறிக் குதித்தவன், வழி தெரியாமல் துணித் திரையைக் கிழித்துக்கொண்டு கதாநாயகனின் வயிற்றிலிருந்து வெளியே வந்தேன். முன்வரிசையில் ஒருவர் விசிலடித்துவிட்டுத்தான் ஓடினார்.

காலில் சிக்கிய திரையோடு உருண்டு புரண்டு, பெண்கள் பக்கத்துக் கதவு வழியாகத் தெருவுக்கு வந்தால், மொத்தக் கூட்டமும் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அத்தனை கதவுகள்!

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது இடித் தகரம் தம்பி! நாடகத்துல இடி இடிக்கணும்னா அதைத்தான் ஆட்டுவாக. நீங்க நல்லாவே ஆட்டிட்டீய!"

"இன்னொருக்கா ஆட்டச் சொல்லுங்க!" என்றது கூட்டம்.

வெட்கத்தில் மறுபடி ஏறினேன். இந்தத் தடவை டார்ச்சோடு, உத்தரம் உத்தரமாகத் தட்டிப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது. இத்தனை களேபரத்திலும் சுவரில் ஒரு துளி காரை பெயரவில்லை. உள்ளதை எழுதினேன். லைசென்ஸ் வந்தது, லாட்ஜ் வரவில்லை.

கிழிந்த திரையைத் தைத்தார்கள். புதுத் திரை வரும்வரை, எந்தக் கதாநாயகன் வந்தாலும் வயிற்றில் ஆபரேஷன் தழும்போடுதான் வந்தான்.

அடுத்த வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மம்சாபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். காபி கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்ததும் தம்ளரோடு குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்கு மேட்னிக்கு வந்திருந்தாளாம்.

தியேட்டர் இன்றும் நிற்கிறது. வானம் லேசாக உறுமினாலும் போதும், என் மனைவி பீரோவைத் திறந்துவிடுவாள்.

"செத்த நேரம் பொறுங்க. ஒரு வெள்ளைச் சேலை எடுத்துத் தாரேன், சுத்திக்கிட்டு ஓடுங்க!"