பெரியவர் கிலாயின் படி

யூதர்களின் சீவான் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, கலிலேயாவின் சிப்போரி நகரில், மேல்சந்தைப் பருப்புக் கடைக்காரர் சப்தாய் தன் பருப்பளக்கும் கற்படியைக் கழுவும்போது அது கை நழுவி விழுந்து, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது.

கடைக்காரன் வாரத்துக்கு இருமுறை படியைத் துடைக்க வேண்டும் என்பது சட்டம். சப்தாய் தினமும் கழுவுவார்.

"தினம் தினம் தேய்ச்சா கல்லுக்கும் அலுத்துப் போகாதா?" என்றாள் மனைவி யெமிமா.

"சில்லு போன இடத்துல பருப்பு சரியும். தலை தட்டினா குறையும். பொழுது சாயறதுக்குள்ள படியெல்லாம் சோதிக்கக் கண்காணிப்பாளர் வேற வருவாரு."

"அப்படி எவ்வளவு குறைஞ்சிடப் போகுது? மேல ஒரு சிட்டிகை போட்டுட்டாப் போச்சு."

"சிட்டிகை என்ன அளவாடி? திருடனுக்காவது யார்கிட்ட திருடினோம்னு தெரியும். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். குறைச்சு அளந்தவன் யாரைத் தேடிப் போவான்?"

சப்தாய் வாழ்நாளெல்லாம் பயந்தது இது ஒன்றுக்குத்தான். அறியாமல்கூட, அடுத்தவர் பருப்பு தன் மூட்டையில் தங்கிவிடக் கூடாது. கண்காணிப்பாளரின் சவுக்கும், கடை பறிபோவதும் அவருக்கு அதற்கு அப்புறம்தான்.

கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரியவர் கிலாயின் வீடு. கிலாய் ஒரு காலத்தில் இதே சந்தையில் தானிய வியாபாரி. அவரிடம் வாங்கினால் ஒரு மணி குறையாது என்று ஊரே சொல்லும். அவர் வீட்டுக் கைப்பிடிச் சுவரில், நன்றாகக் கழுவிய கற்படி ஒன்று வெயிலில் கவிழ்ந்திருந்தது. சப்தாய் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"அம்மாடி, இந்தப் படியைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்!"

உள்ளே மறுநாள் ஓய்வுநாளுக்கான ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்க்காமலே, "எதை வேணும்னாலும் எடுத்துக்கங்கண்ணே, என்னை மட்டும் கூப்பிடாதீங்க!" என்றாள்.

சப்தாய் தன் படியில் பருப்பை நிரப்பித் தலை தட்டி, கிலாயின் படியில் கொட்டினார். நிரம்பவில்லை. இரண்டு விரற்கடை காலியாக இருந்தது. மறுபடியும் கொட்டினார். அதே இரண்டு விரற்கடை.

"இது சில்லால வந்த குறை இல்லை," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். "படியே சின்னது. எங்கப்பா காலத்துலேர்ந்து ஊரை ஏமாத்தியிருக்கோம்."

"என்னங்க சொல்றீங்க? அது உங்கப்பா கண்காணிப்பாளர்கிட்ட காட்டி வாங்கின படி!"

"பெரியவர் கிலாய் படி பொய் சொல்லுமா?" அவர் சுத்தியலைத் தேடினார்.

"ஐயையோ, உடைக்காதீங்க! சாம்பல் அள்ளவாவது வச்சுக்கறேன்."

"தப்பான படி வீட்ல இருக்கவே கூடாது. மூத்திரச் சட்டியாக்கூட வைக்கக் கூடாதுங்கறது சட்டம். நாளைக்கு ஒருத்தன் தெரியாம எடுத்து அளந்துட்டா?"

படி நாலு துண்டாயிற்று.

அன்றைக்குக் கிலாயின் படியால் அளப்பது என்று முடிவு செய்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழைய கணக்கு உறுத்தியது. கடை வாசலில் நின்று கத்தினார்.

"என்கிட்ட எப்பவாவது பருப்பு வாங்கினவங்க எல்லாரும் வாங்க! உங்களுக்குக் குறைச்சு அளந்துட்டேன். ஆளுக்கு ரெண்டு கைப்பிடி இனாம்!"

சந்தை அவர் கடைமுன் வந்து நின்றது. திபேரியாவிலிருந்து மீன் விற்க வந்த ஒருவன் துணியை விரித்தான்.

"உன்னை நான் பார்த்ததே இல்லையேப்பா," என்றார் சப்தாய்.

"நீங்க பார்க்காமத்தான் குறைச்சு அளந்திருப்பீங்க," என்றான் அவன்.

"அதுவும் இருக்கும்," என்றார் சப்தாய். அள்ளிப் போட்டார்.

எதிர்க்கடை யுஸ்தூஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார். அவர் கடையில் ஈ காக்கா இல்லை.

"யோவ் சப்தாய், வெள்ளிக்கிழமை அதுவுமா எங்க பொழைப்புல மண்ணள்ளிப் போடறியே! உன் படி சின்னதுன்னா எங்க படியெல்லாம் என்னன்னு ஜனம் கேக்குது."

"கொண்டா, பார்த்துடலாம்."

யுஸ்தூஸின் படியைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. பக்கத்துக் கடைப் படி வந்தது. அதுவும் குறைந்தது. அத்திப்பழக்காரியின் படி, மாவுக்காரன் படி, கீழ்ச்சந்தையிலிருந்து ஓடிப்போய் எடுத்துவந்த படி எல்லாமே சொல்லிவைத்தாற்போல அதே இரண்டு விரற்கடை.

"எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு? அப்ப எது தப்பு?" என்றார் யுஸ்தூஸ்.

"ஊரே சேர்ந்து தப்பா அளந்தா அது சரியாயிடுமா? எல்லாத்தையும் உடைங்க!"

"உன் வாயில கொள்ளிக்கட்டையை வைக்க!"

பெண்கள் யுஸ்தூஸைச் சூழ்ந்துகொண்டு தங்கள் இரண்டு கைப்பிடியைக் கேட்டார்கள். ஒருத்தி அவர் மேலங்கியையே பிடித்து இழுத்தாள். முற்றத்துப் பக்கமிருந்து பெரியவர் கிலாயின் குரல் கேட்டது. "எங்கேடி வச்சீங்க அதை?"

"கைத்தடியைத் தேடறார் போல," என்றாள் யெமிமா. யாருக்கும் போய்ப் பார்க்க நேரமில்லை.

நடுப்பகலுக்குமேல் கண்காணிப்பாளர் வந்தார். பின்னால் ஒரு காவலன், நகர முத்திரை குத்திய வெண்கலப் படியைச் சுமந்து வந்தான். கூட்டம் விலகியது. காவலன் வெண்கலப் படியில் பருப்பை நிரப்பித் தலை தட்டி, கிலாயின் படியில் கொட்டினான்.

இரண்டு விரற்கடை குறைந்தது.

யெமிமா கணவனின் இடுப்புக்கச்சையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "வேணாங்க. வாயை மூடிக்கிட்டு இருங்க."

சப்தாய் ஓர் அடி முன்னே வந்தார். "ஐயா, மன்னிக்கணும். உங்க படியும் சின்னது."

"என்னது?"

"வெண்கலம் பாருங்க. எடைக்கல்லையே உலோகத்துல செய்யக் கூடாதுங்கறாங்க, தேயும்னு. விளிம்பு தேய்ஞ்சிருக்கும்."

"இது நகரத்தின் படி!"

"அப்ப நகரமே குறைச்சு அளந்திருக்குங்க ஐயா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நாளைக்கு நான் யாரைத் தேடிப் போவேன்?"

கண்காணிப்பாளரின் காது சிவந்தது. "உன் சொந்தப் படி எங்கே?"

"உடைச்சுட்டேன்."

"ஏன்?"

"தப்பான படியை வீட்ல வைக்கக் கூடாதில்லையா?"

கண்காணிப்பாளர் கிலாயின் படியைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தார். அவர் தலையசைக்க, காவலன் சவுக்கை அவிழ்த்தான். சப்தாய் மேலங்கியைக் கழற்றி, மடித்து, மனைவியிடம் கொடுத்தார். முதுகைக் காட்டி நின்றார். சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெறவில்லை.

அப்போது பெரியவர் கிலாய், முழங்கால்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக்கொண்டு, குட்டிக் குட்டி அடியாக வைத்துக் கூட்டத்தைப் பிளந்து வந்தார். கண்காணிப்பாளரின் கையிலிருந்த படியைப் பிடுங்கினார்.

"பெரிசா இருக்கு, உடைச்சுப் போடுன்னு அந்தக் காலத்துக் கண்காணிப்பாளர் சொன்னாரு, நல்ல கல்லாச்சேன்னு கட்டிலுக்கடியில மூத்திரத்துக்கு வச்சிருக்கேன். காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டு நான் தேடறேன், நீங்க இதுல பருப்பா அளக்கறீங்க?"

பெரியவரின் வேலை முடிந்தபின் கண்காணிப்பாளர் அந்தப் படியை உடைக்க வைத்தார். சவுக்கு மறுபடி சுருட்டப்பட்டது. கல் பாத்திரத்துக்குத் தீட்டு ஒட்டாது, அதுதான் சட்டம் என்று சப்தாய் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. சூரியன் மறைவதற்குள் எல்லாரும் பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அளந்து வாங்கச் சப்தாயிடம் படி இல்லை.